புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: உள்ளதை ஒப்புக்கொண்டு தொடங்கும் முதல் 90 நாள்

தறிக்கூடம், ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, ஜவுளிக்கடை, ஏற்காட்டு எஸ்டேட் என்று சேலம் வட்டாரத்தில் பல இடங்களில் பதவி உயர்வு ஒரே மாதிரிதான் வருகிறது. நன்றாக வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிவிடுவார்கள். பயிற்சி இருக்காது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இன்று உங்கள் வாயைப் பார்ப்பார்கள்.

அப்போது ஒரு பயம் வரும். இனிமேல் எனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிற பயம். அதில்தான் வேஷம் தொடங்குகிறது: தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டுவது, குரலை உயர்த்துவது, முன்னாள் முதலாளியின் நடையைக் காப்பியடிப்பது. உங்களுக்கு என்ன தெரியாது என்பது உங்கள் கீழே வேலை செய்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை அவர்களிடமிருந்து மறைக்கப் போகிற நேரத்தில்தான் வேலை கெடுகிறது. ஆகவே முதலில் உங்களை நீங்களே உள்ளபடி ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் வருஷ முடிவில் ஸ்டாக் எடுப்பது மாதிரி, இருப்பதை இருக்கிற அளவில் எழுத வேண்டும். கூட்டியும் எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது.

தேவையானவை: 200 பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா, உங்கள் பதவி உயர்வு ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. கைச்செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். நேரம் 90 நாளில் பரவலாக ஏழெட்டு மணி நேரம். தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தையும் தீபாவளிக்கு முந்தைய மாதத்தையும் தவிருங்கள். எஸ்டேட் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. அந்த நேரத்தில் யாருக்கும் உங்களோடு நின்று பேச ஓய்வு இருக்காது.

1. முதலில் காகிதமும் பணக்கணக்கும்

மனசைப் பற்றிய கட்டுரையில் சம்பளச் சீட்டு எதற்கு என்று தோன்றலாம். பணக்கணக்கு தெளிவில்லாமல் பொறுப்பை ஏற்றவர் இரண்டாம் மாதமே, "எனக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை" என்று தன்னையே நொந்துகொள்ளத் தொடங்குவார். உண்மையில் ஒத்துவராதது சம்பளமாக இருக்கும்.

வாய்மொழி உத்தரவை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தில் நான்கு விஷயம் வேண்டும்: பதவியின் பெயர், யார் யார் உங்கள் பொறுப்பில் வருகிறார்கள், எதுவரை நீங்களே முடிவெடுக்கலாம் (லீவு, ஓவர்டைம், சில்லறைச் செலவு), தகுதிகாண் காலம் எத்தனை மாதம். ஐந்தாவதாக ஒன்றைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒத்துவராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பலாமா என்பதுதான் அது. ஆணையில் ஒரு வரியாக அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பும் வழி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு நடிக்க வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

அடுத்து ஓவர்டைம். தொழிலாளியாக இருந்தபோது கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி வந்திருக்கும். சூப்பர்வைசர் ஆனதும் பல இடங்களில் அது நின்றுபோகும். மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறவருக்கு, 26 நாள், 8 மணி நேரக் கணக்கில் ஒரு மணி நேரக் கூலி சுமார் 86.50 ரூபாய். இரட்டிப்பாக 173. மாதம் 30 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருந்தால் 5,190 ரூபாய். ஆகப் பழைய வருமானம் 23,190. புதிய சம்பளம் 22,000 என்றால் பதவி உயர்ந்து பணம் குறைகிறது. இதைத் தெரிந்தே ஏற்பது ஒன்று, மூன்றாம் மாதம் வீட்டில் கேள்வி வந்த பிறகு தெரிந்துகொள்வது வேறு.

ஈ.எஸ்.ஐ.-க்கு (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு) சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். பதவி உயர்வால் அதைத் தாண்டினாலும் உடனே வெளியே போவதில்லை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு பிடித்தக் காலம், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. ஜூன் மாதம் சம்பளம் தாண்டினால் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்தப் பலன் முடிவதற்குள் குடும்பத்துக்கு வேறு மருத்துவக் காப்பீடு பார்த்துவிடுங்கள். உங்கள் கணக்கில் பிடித்தம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதும் நல்லது.

2. நோட்டில் மூன்று பத்தி

ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் பத்தி: யாரையும் கேட்காமல் செய்வேன். இரண்டாவது: ஒருவரைக் கேட்டால் செய்வேன். மூன்றாவது: தெரியாது. மூன்று இரவு, இரவுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே மூச்சில் எழுதினால் அன்றைய மனநிலைதான் முழுப் பக்கத்திலும் இருக்கும்.

முதல் இரவு வேலையை மட்டும் எழுதுங்கள். பாவு (நெடுக்கு நூல்) பூட்டுவது, ஊடை (குறுக்கு நூல்) நிறம் சரிபார்ப்பது, வருகைப் பதிவேடு, கூலிக் கணக்கு, டெஸ்பாட்ச் பில், மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று குறியுங்கள். தேதி சொல்ல வராத வரியை முதல் பத்தியிலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்துங்கள்.

இரண்டாம் இரவு மனிதர்கள். இதுதான் கடினம், இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். யார் லீவு கேட்டால் உடனே கொடுக்கத் தோன்றும்? யார் கேட்டால் காரணம் கேட்கத் தோன்றும்? யாரைப் பார்த்தால் தவிர்த்துவிட்டுப் போவீர்கள்? நம் ஊர்ப் பட்டறைகளில் மாமன் மச்சான், ஊர்க்காரர், சாதிக்காரர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். சாய்வு எல்லோருக்கும் உண்டு. எனக்கு இல்லை என்று எழுதுகிறவருடைய லீவுப் பதிவேட்டை மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டில் வையுங்கள், வேலை இடத்து மேஜையில் வைக்காதீர்கள்.

மூன்றாம் இரவு சுபாவம். இங்கே பலர் சறுக்குகிறார்கள். "எனக்குத் தன்னம்பிக்கை குறைவு", "நான் கோபக்காரன்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "பத்துப் பேர் முன்னால் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் இறங்கிவிடும், துண்டுச் சீட்டு கையில் இருந்தால் இறங்காது" என்று எழுதினால் அதற்கு வழி உண்டு. "சாயங்காலம் லாரி வந்து நிற்கும்போது யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவேன்" என்பது இன்னும் நல்ல வரி. நேரமும் இடமும் அதில் இருக்கின்றன.

எழுதி முடித்தபின் எண்ணிப் பாருங்கள். மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் இன்னும் வேஷம் கலையவில்லை. முதல் பத்தி காலியாக இருந்தால் நீங்கள் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் பொய்க்கணக்குதான். உங்களைத் தேர்ந்தெடுத்தவர் எந்த வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்து, அங்கிருந்து ஐந்து வரியாவது எழுதுங்கள்.

3. இரண்டு பேரிடம் சரிபார்ப்பு

நமக்குத் தெரியாமல் பிறருக்கு மட்டும் தெரிந்த பகுதி ஒன்று எல்லோரிடமும் உண்டு. 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய நாலு கட்டப் படத்தில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. நோட்டில் அது வராது. கேட்டால்தான் வரும்.

உங்களோடு சமமாக வேலை செய்தவர் ஒருவர், இனி உங்கள் கீழே வரப்போகிற மூத்தவர் ஒருவர் என இரண்டு பேர் போதும். தனித்தனியாக, டீக்கடையில் இருபது நிமிடம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: "எந்த நேரத்துல என்கிட்ட பேசத் தயங்குவீங்க?", "எனக்குத் தெரியும்னு நான் நெனச்சிட்டு இருக்கறது, ஆனா சரியா தெரியாதது எது?", "நான் கவனிக்காமயே நல்லா செய்யற வேலை எது?"

பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "அப்படி இல்லண்ணா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." என்று தொடங்கினால் அதோடு அவர் வாயை மூடிவிடுவார், பிறகு ஆயுசுக்கும் திறக்க மாட்டார். "சரிங்கண்ணா, எழுதிக்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். கூலி போடும் நாளிலும், குடித்துவிட்டு உட்காரும் இடத்திலும் இதைக் கேட்காதீர்கள். அங்கே பாராட்டு கிடைக்கும் அல்லது சண்டை வரும், தகவல் கிடைக்காது.

4. மேலதிகாரியிடம் எதைச் சொல்வது

முழு நோட்டையும் கொட்ட வேண்டாம். மூன்றாம் பத்தியில் வேலையைத் தொடும் வரிகள் மட்டும், அதிகபட்சம் மூன்று. ஒவ்வொன்றோடும் எப்படிக் கற்கப் போகிறீர்கள், எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கூலிக் கணக்கு எனக்கு முழுசா வராதுங்க சார். முதல் ரெண்டு மாசம் அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் சரிபார்த்துக் கொடுத்தா, மூணாவது மாசம் நானே போட்டுருவேன்." இப்படிக் கேட்டால் பலவீனமாகத் தெரியாது. முதல் மாதமே கணக்கு தப்பி, இருபது பேர் அலுவலக வாசலில் நிற்பதுதான் பலவீனமாகத் தெரியும்.

தெரியாவிட்டாலும், தெரிந்தாலும், நீங்களே தீர்க்கக்கூடாத விஷயங்கள் மூன்று உண்டு: விபத்து, பணம் காணாமல் போனது, பாலியல் தொல்லை பற்றிய புகார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் தர வேண்டும். "நான் பேசி முடிச்சுவைக்கிறேம்மா" என்று இழுத்தடித்தால் அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி உள்ள நாள் கரைகிறது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. குழுவின் முன்னால் முதல் ஐந்து நிமிடம்

ஷிஃப்ட் தொடங்கும் முன், மெஷின் ஓடாத நேரத்தில், எல்லோரும் நின்றபடியே. நீளமாகப் பேச வேண்டாம். கிட்டத்தட்ட இவ்வளவு போதும்:

"அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம்ங்க. இன்னையிலிருந்து இந்த ஷிஃப்ட்ட நான் பார்க்கறேன். தறி வேலை எனக்குத் தெரியும். கணக்கும் டெஸ்பாட்ச்சும் இப்பத்தான் கத்துக்கறேன், அதுல தப்பு கண்ணுல பட்டா அப்பவே சொல்லிடுங்க. லீவு வேணும்னா முந்தின நாளே சொல்லணும், யாரா இருந்தாலும் இதுதான். ஓடற மெஷின்ல கை வைக்கக் கூடாது, அதுல மட்டும் பேச்சே இல்ல."

தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று, எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று, விட்டுக்கொடுக்காத விதி ஒன்று. அதற்கு மேல் மனம் திறக்காதீர்கள். "எனக்கு இந்தப் பதவிக்குத் தகுதியே இல்ல, நீங்கதான் காப்பாத்தணும்" என்பது பணிவு மாதிரி தெரிந்தாலும், உங்கள் பயத்தைத் தூக்கி அவர்கள் தலையில் வைப்பதுதான். கூலி வாங்க வந்தவர்களுக்கு அது தேவையில்லாத சுமை.

கூப்பிடும் முறையையும் மாற்றாதீர்கள். நேற்றுவரை "அண்ணா" என்றவரை இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த ஒரு சொல்லிலேயே ஷிஃப்ட் உங்களை விட்டுப் போய்விடும். உங்களை "மாப்ள" என்று கூப்பிடும் நண்பரிடம் தனியாகப் பேசுங்கள்: வெளியே மாப்ள, வேலை நேரத்தில் பெயரும் "ங்க"-வும். அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். இருக்கட்டும்.

6. தெரியாத வேலையைக் கீழிருந்து கற்பது

ஏற்காட்டு எஸ்டேட்டில் பல்ப்பிங் (காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் வேலை) பொறுப்பு புதிதாக வருகிறவரை எடுத்துக்கொள்வோம். அராபிகா பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கி, கொட்டையைத் தொட்டியில் போடுகிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு நொதித்துக் கழல 24 முதல் 36 மணி நேரம் ஆகும். குளிர் அதிகமான இரவுகளில் இன்னும் இழுக்கும். முன்கூட்டியே கழுவினால் வழவழப்பு மிச்சமிருந்து, காய வைக்கும்போது கறை படியும், பூஞ்சை பிடிக்கும். தாமதமானால் புளித்து, காப்பியில் கெட்ட வாடை ஏறும். எப்போது கழுவுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்காமல் சொரசொரவென்று உரசினால் ஆயிற்று.

வருஷக்கணக்கில் அந்தத் தொட்டிக்கரையில் நிற்கும் அக்காவின் கைக்கு இது தெரியும். டிப்ளமோ படித்து வந்தவரின் கைக்குத் தெரியாது. வேஷம் போடுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "24 மணி நேரம் ஆச்சு, கழுவுங்க" என்பார். அக்காவும் மறுபேச்சில்லாமல் கழுவிவிடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். அவர் தொட்டியில் கைவிடும்போது நீங்களும் விடுங்கள். முதலில் உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள், பிறகு அவருடையதைக் கேளுங்கள். வரிசை மாறக்கூடாது, அவர் முதலில் சொன்னால் உங்கள் கை எதையும் கற்காது. தொட்டி எண், போட்ட நேரம், நீங்கள் சொன்ன நேரம், அவர் சொன்ன நேரம் என நான்கையும் நோட்டில் எழுதுங்கள். பத்துத் தொட்டிக்குப் பிறகு இருவர் நேரமும் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதுவரை எஸ்டேட் பதிவேட்டில் "கழுவச் சொன்னவர்" என்ற இடத்தில் அவர் பெயரே இருக்கட்டும். அந்தப் பெயரை உங்கள் மேலதிகாரியும் பார்க்கட்டும்.

தறியோ, ஜவ்வரிசி வறுக்கும் சட்டியோ, கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுவதோ, எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

7. தப்பு நடந்தால்

உங்கள் தப்பு என்றால் அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். மறுநாள் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்: "ஊடை நிறம் மாத்திச் சொன்னது நான்தான். 12 சேலை போச்சு. இனிமே நிறச் சீட்ட ரெண்டு பேர் பார்த்த பிறகுதான் தறிக்கு வரும்." என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், என்ன மாற்றம் என்பது மட்டும். காரணம் கேட்டால் மட்டும் காரணம். உங்கள் தப்புக்கு நெசவாளியின் கூலியில் பிடித்தம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை விழுந்தால் பிறகு நீங்கள் எத்தனை முறை "தப்பு இருந்தா சொல்லுங்க" என்றாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

8. எதை ஏற்பது, எதை மாற்றுவது

குரல் சின்னது, ஆங்கிலம் வராது, திக்கும், படிப்பு பத்தாவதுதான், பேச்சில் கிராமத்து வாடை: இவை ஏற்றுக்கொள்ள வேண்டியவை. ஏற்றபிறகு சுற்றுவழி தேடுங்கள். தறிக்கூடச் சத்தத்தில் கத்துவதால் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை, தொண்டைதான் போகும். வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, அன்றைய மூன்று விஷயத்தை எழுதுங்கள். ஆங்கிலத்தில் எந்த ரிப்போர்ட் கட்டாயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதில் வருகிற சொற்களை மட்டும் எழுதிப் படியுங்கள், மற்றதைத் தமிழில் பேசுங்கள்.

கோபத்தில் கெட்ட வார்த்தை, பொய், ஒருதலைப் பட்சம்: இவற்றுக்கு "என் சுபாவம் அப்படி" என்பது பதில் ஆகாது. மூன்றாம் இரவு எழுதிய நேரத்தையும் இடத்தையும் எடுத்து அங்கேயே வேலையை மாற்றுங்கள். லாரி நேரத்தில்தான் எரிச்சல் என்றால், லாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பில்லும் எண்ணிக்கையும் முடிந்திருக்க வேண்டும், நீங்களும் சாப்பிட்டிருக்க வேண்டும்.

பெண் சூப்பர்வைசர்களுக்கு "சிரிக்காதே, கறாரா இரு" என்று ஆளாளுக்கு அறிவுரை வரும். சிரித்துப் பேசுவது உங்கள் இயல்பு என்றால் சிரித்தே பேசுங்கள். விதியில் மட்டும் கறாராக இருந்தால் போதும்.

9. 30, 60, 90

30-ஆம் நாள் மூன்று பத்தியை மறுபடி எழுதுங்கள், பழையதைப் பார்க்காமல். பிறகு ஒப்பிடுங்கள். 60-ஆம் நாள் அதே இருவரிடம் அதே மூன்று கேள்வி. 90-ஆம் நாள் லீவுப் பதிவேட்டையும் ஓவர்டைம் பட்டியலையும் எடுத்து, பெயர்வாரியாக யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கூட்டுங்கள். சாய்வு இருந்தால் எண்ணிலேயே தெரியும்.

இடையில் தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டு போதாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண் இலவசம், இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பதவியை விடச் சொல்வார்களோ என்று பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

10. ஒத்துவரவில்லை என்றால்

தறியில் கை ஓடும்போது கிடைக்கிற நிறைவு ஆட்களைப் பார்த்துக்கொள்வதில் கிடைக்கவில்லை என்று 90 நாளில் தெரியலாம். அதுவும் உங்களைப் பற்றிய சரியான கணக்குதான். தகுதிகாண் காலம் முடிவதற்கு ஒரு மாதமாவது முன்பு கடிதம் கொடுங்கள். அதில் ஆணை எண், தேதி, திரும்ப விரும்பும் பழைய பணி, பழைய சம்பளம், ஓவர்டைம் தகுதி, பணித்தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும் என்ற வரி, இவை எல்லாம் இருக்கட்டும். காரணம் ஒரு வாக்கியம் போதும். யாரையும் குறை சொல்லாதீர்கள், உங்களையும். "ராஜினாமா" என்ற சொல் கடிதத்தில் எங்கேயும் வரக்கூடாது. இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.